கூட்டத்துக்கு ஒரு பாஸ்: திருகோணமலையில் நான் பட்ட பாடு

எங்கள் ஊரில் அரசியல் கூட்டம் இரண்டு விதமாக நடக்கும். மைதானத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, யார் வந்தாலும் நின்று கேட்கலாம் என்று நடத்துவது ஒன்று. மண்டபத்துக்குள் கதிரைகளை எண்ணி வைத்து நடத்தும் 'சந்திப்பு' மற்றது. இந்த இரண்டாவதற்குப் பாஸ் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பாஸை யாருக்கு உடனே கொடுக்கிறார்கள், யாரை அலைய விடுகிறார்கள், ஏன் என்பதைத்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு இப்படிப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் வேலை கிடைக்காத பட்டதாரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்தேன். 2017இல் கிழக்கு மாகாணப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியோரத்தில் இருந்தபோது நான் பள்ளிக்கூட மாணவி. 2020இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கத் தொடங்கியபோது நான் படிப்பை முடித்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களும் சேர்ந்து இப்போது ஒரு பெரிய கூட்டமாக நிற்கிறோம். எங்களுக்கு எப்போது ஆட்சேர்ப்பு, எந்த அடிப்படையில் என்று கேட்டு ஒரு மகஜர் (கோரிக்கை மனு) எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்தோம். ஒரு பெரிய கட்சியின் தலைவர் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அதை அவர் கையில் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் ஊர் அனுராதபுரச் சந்தியில் கட்டியிருந்த பதாகையில் பெரிய எழுத்தில் 'மக்கள் சந்திப்பு, அனைவரும் வருக' என்று இருந்தது.

பாஸ் எடுக்கக் கட்சிக் காரியாலயத்துக்குப் போனேன். 9 மணிக்குத் திறக்கும் என்றார்கள், 11 மணியாகியது. சரி, தேர்தல் நேரம், ஆட்கள் ஓடித் திரிகிறார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், தேர்தல் தொகுதி, தொழில் இவ்வளவும்தான். தொழில் என்ற இடத்தில் 'வேலையற்ற பட்டதாரி' என்று எழுதினேன். மேசையில் இருந்த அண்ணன் அதுவரைக்கும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அதை வாசித்ததும் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தங்கச்சி, பட்டதாரிமாருக்கு வேற ஒரு சந்திப்பு வைப்பம். இது பொதுமக்களுக்கு."

"நானும் பொதுமக்கள்தானே அண்ணன்?"

"அப்பிடியில்ல. உங்கட பகுதி அமைப்பாளரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்க. தெரிஞ்ச ஆள் எண்டு அவர் எழுதித் தந்தா பார்க்கலாம்."

படிவத்தில் எங்கேயும் அப்படி ஒரு கடிதம் கேட்கவில்லை. எனக்கு முன்னால் வந்தவர்களிடமும் கேட்கவில்லை. அவர்களுக்கு அந்த இடத்திலேயே சீல் குத்திக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அமைப்பாளரைத் தேடினால் ஆள் மூதூரில் என்றார்கள். போனை எடுக்கவில்லை. பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, வெயிலில் போய் இறங்கினேன். மூதூர்க் கிளையில் இருந்த ஐயா நல்ல மனிதர். கதிரை தந்து, குடிக்கத் தண்ணீர் தந்து, "இப்பதான் மகள், மோட்டார் சைக்கிள்ல சம்பூர்ப் பக்கம் போனார், பின்னேரம் திரும்புவார்" என்றார். பின்னேரமும் வரவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிடக்கூடாது என்று வெறுங்கையோடு திரும்பினேன். அந்த நாள் முழுதும் வீணாகியது மட்டுமில்லை, பஸ் காசும் அம்மாவிடம் வாங்கியது. இதை எழுதும்போதும் எரிகிறது. ஒருவர் கையெழுத்தை எடுத்து வரச் சொல்கிறவர்கள், அந்த ஒருவர் எங்கே இருப்பார் என்பதையாவது சொல்ல வேண்டும். தேர்தல் காலத்தில் அமைப்பாளரைத் தேடிப் போகாதீர்கள். அவருக்கு அடுத்த நிலையில் கையெழுத்து வைக்கக் கூடியவர் யார் என்று காரியாலயத்திலேயே கேட்டுவிடுங்கள். அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

எனக்கு அப்படிக் கிடைத்தது எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் அக்கா. கட்சியின் மகளிர் அணியில் இருக்கிறார். கடிதம் கேட்டுப் போனேன், எழுதித் தந்தார். தந்துவிட்டு, மேசையில் இருந்தவர் சொல்லாததையும் சொன்னார்.

"உன்ன அவங்களுக்குப் பிடிக்காமல் இல்லை. பயம். போன மாதம் இன்னொரு மாவட்டத்தில பின் வரிசையில இருந்த பெடியன்கள் சிலபேர் எழும்பி எதிர்ப்பு எழுதின மட்டை தூக்கிப் பிடிச்சாங்கள். தலைவர் ஒரு மணித்தியாலம் பேசினார். ராத்திரி எல்லாற்ற போனிலயும் ஓடினது அந்த மட்டை மட்டும்தான். அவர் பேசினத ஒருத்தரும் போடல்ல."

கூட்டத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்வதற்கு அந்த அக்கா சொன்னதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மண்டபத்தில் இருப்பவர்களுக்காகத் தலைவர் பேசுவதில்லை. அவர்கள் ஏற்கெனவே கட்சிக்காரர்கள், அவர்கள் வாக்கு எங்கேயும் போகாது. வீட்டில் இருந்து போனில் பார்க்கப்போகிறவர்களுக்காகத்தான் கூட்டமே. கமராவில் ஒரு வரிசை வெறுமையாகத் தெரிந்தாலும் நட்டம், ஒரு மட்டை தெரிந்தாலும் நட்டம். அதனால் சின்ன மண்டபமாகப் பார்த்து எடுக்கிறார்கள், கதிரைகளை விடக் கூடுதலான பேருக்குப் பாஸ் கொடுக்கிறார்கள், அந்தப் பேர் யார் என்பதைச் சல்லடை போட்டுப் பார்க்கிறார்கள். தலைவருக்குப் பின்னால் தெரிகிற வரிசையில் யார் இருக்க வேண்டும் என்பதற்குக்கூடத் தனி லிஸ்ட் இருக்கிறதாம்.

காரியாலயத்தில் கேட்டால் இதைச் சொல்ல மாட்டார்கள். 'பாதுகாப்பு' என்பார்கள். அந்தச் சொல்லை நான் இலேசாக எடுக்கவில்லை. இந்த நாட்டில் யாரும் அப்படி எடுக்க முடியாது. 1993 ஏப்ரல் 23 கிருலப்பனைக் கூட்டத்தில் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான லலித் அத்துலத்முதலி சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி பிரேமதாச குண்டுக்குப் பலியானார். 1994 ஒக்டோபரில் தொட்டலங்கக் கூட்டத்தில் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்கவும் அவரோடு பலரும் குண்டு வெடித்து இறந்தார்கள். 1999 டிசம்பர் 18 கொழும்பு நகர மண்டபக் கூட்டத்தில் குண்டு வெடித்து ஜனாதிபதி சந்திரிகா ஒரு கண் பார்வையை இழந்தார். 2024 ஜூலையில் அமெரிக்காவில், அவ்வளவு காவல் இருந்தும், பட்லர் என்ற ஊரில் டிரம்பின் காதில் துப்பாக்கிச் சூடு பட்டது. ஆயுதம் இல்லாமலும் உயிர் போகும். கரூரில் 2025 செப்டெம்பர் 27 விஜயின் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். எத்தனை பேர் உள்ளே வரலாம் என்று கணக்கு வைப்பதையும், பையைத் திறந்து பார்ப்பதையும் நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் பாதுகாப்புக்குத் தேவையானது என் பையில் என்ன இருக்கிறது என்பது. நான் என்ன தொழில் என்பதும், யாருக்கு வாக்குப் போடுவேன் என்பதும் எதற்கு?

இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். தேடி வாசித்தபோது அமெரிக்காவிலும் இதே கதை இருந்தது. 2004 தேர்தலில் துணை ஜனாதிபதி டிக் செனி நியூ மெக்சிகோவில் பேசிய கூட்டத்துக்கு நுழைவுச்சீட்டுக் கேட்டுப் போன சிலரிடம், ஜனாதிபதி புஷ்ஷை ஆதரிக்கிறேன் என்று எழுதிய படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அதே வருடம் ஜூலை 4 மேற்கு வர்ஜினியாவில் புஷ் பேசிய நிகழ்ச்சிக்கு, கையில் முறையான சீட்டோடு போன கணவனையும் மனைவியையும், புஷ்ஷுக்கு எதிரான டீசேர்ட் போட்டிருந்ததற்காகக் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2007இல் அரசாங்கம் 80,000 டொலர் கொடுத்து முடித்தது. அந்த வழக்கில்தான் ஜனாதிபதியின் கூட்டங்களை ஏற்பாடு செய்பவர்களுக்காக வெள்ளை மாளிகை 2002இல் எழுதிய ஒரு கையேடு வெளியே வந்தது. எதிர்ப்பாளர் உள்ளே வராமல் தடுக்க நுழைவுச்சீட்டை எப்படிப் பயன்படுத்துவது, மீறி வந்தவரின் குரல் கேட்காதபடி சுற்றி நின்று கோஷம் போட எப்படி ஆட்களை வைப்பது என்றெல்லாம் அதில் இருந்தது. அதை வாசித்த பிறகு, எங்கள் காரியாலய மேசையில் நடந்தது எனக்கு நன்றாக விளங்கியது.

கட்சிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜூனில் டல்சா நகரில் டிரம்ப் நடத்திய கூட்டம் உதாரணம். பத்து இலட்சம் பேர் வரை பதிவு செய்ததாகச் சொன்னார்கள். 19,000 பேர் கொள்ளும் அரங்குக்கு வந்தவர்கள் தீயணைப்புத் துறைக் கணக்கில் 6,200 பேர் அளவுதான். நாங்கள்தான் வராமல் விடுவதற்கென்றே பதிவு செய்தோம் என்று டிக்டாக்கில் இளையவர்கள் சொன்னார்கள். தன் சொந்தக் காசில் மண்டபம் எடுத்து, தன் ஆட்களை மட்டும் கூப்பிட ஒரு கட்சிக்கு உரிமை இருக்கிறது. அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை எனக்குத் தருவதுபோல அவர்களுக்கும் தருகிறது. அப்படியென்றால் 'கட்சி அங்கத்தவர் கூட்டம்' என்று பதாகையில் எழுதட்டும். 'அனைவரும் வருக' என்று எழுதிவிட்டு என்னை மூதூருக்கு அனுப்பியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்காவின் கடிதத்தோடு போனதும் பாஸ் கிடைத்தது. அதே அண்ணன், ஒரு வார்த்தை பேசாமல் சீல் குத்தினார்.

கூட்ட நாளில் பொலிஸ் சோதனை சீக்கிரம் முடிந்தது. ஒரு பொலிஸ் பெண் பையைப் பார்த்தார், "ஹரி நங்கி" (சரி தங்கச்சி) என்று சிங்களத்தில் சொல்லி விட்டார். தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். அதைத் தாண்டினால் கட்சித் தொண்டர்களின் மேசை. அங்கேதான் அடுத்த தடை. மகஜர் இருந்த என் ஃபைலைப் பார்த்ததும் ஒரு தம்பி கையை நீட்டி மறித்தார்.

"கடதாசி ஒண்டும் உள்ள கொண்டுபோக ஏலாது அக்கா."

"இது மகஜர் தம்பி, மட்டை இல்லை."

"எல்லாம் ஒண்டுதான் அக்கா. இங்க தந்திட்டுப் போங்க, நாங்க குடுப்பம்."

எத்தனை பேருடைய கையெழுத்து அது. ஒவ்வொரு வீடாகப் போய் வாங்கியது. மேசைக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டிக்குள் ஏற்கெனவே கடிதங்கள் குவிந்து கிடந்தன. அதற்குள் போட்டால் அதோடு முடிந்தது. நல்லவேளையாக இரண்டு பிரதி வைத்திருந்தேன். "தரலாம், ஆனா கிடைச்சது எண்டு இந்தப் பிரதியில எழுதி, பெயரும் திகதியும் போட்டுக் கையெழுத்து வையுங்க" என்றேன். அந்தத் தம்பி மறுத்தார். பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார், அவரும் மறுத்தார். நான் விலகவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, தலைவரின் வாகனம் வரும் நேரமும் நெருங்கியது. கடைசியில் அந்தப் பெரியவரே பேனையை வாங்கிப் பெயர் எழுதி, பதவி எழுதி, கையெழுத்து வைத்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். மகஜரோடு போகிறவர்கள் பிரதி இல்லாமல் போகவே வேண்டாம். தலைவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் நில்லுங்கள். அந்த நேரத்தில் வாசலில் பிரச்சினை வேண்டாம் என்று அவர்களே இறங்கி வருவார்கள்.

உள்ளே போனால் முன் வரிசைகளில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வேறு மாவட்டங்களில் இருந்து பஸ்ஸில் வந்தவர்கள். ஊர்க்காரர் பலர் மதிலுக்கு வெளியே வெயிலில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். கேள்வி நேரம் என்று ஒன்று வைத்தார்கள். மைக் போன இடங்களைக் கவனித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் துண்டுக் கடதாசியைப் பார்த்து வாசித்தார்கள், எனக்குக் கொண்டுபோக அனுமதிக்காத அதே கடதாசி. நான் கையை உயர்த்தியபடியே இருந்தேன். மைக் பிடித்த பிள்ளை என்னைப் பார்த்தார், தாண்டிப் போனார். வேலைவாய்ப்புப் பற்றித் தலைவர் பொதுவாகச் சில வார்த்தை சொன்னார், கைதட்டினார்கள், முடிந்தது.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் நான் கை உயர்த்தியதைப் பார்த்துவிட்டு, "என்ன மகள் கேக்க இருந்தனீங்க?" என்றார். சொன்னேன். அவருடைய மகனும் பட்டதாரியாம், அனுராதபுரத்தில் ஒரு கடையில் நிற்கிறாராம். அந்த அம்மாவும் கட்சி பஸ்ஸில் வந்தவர்தான். கேள்வி கேட்கலாம் என்று வரும் வழியில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. பையில் இருந்த மகஜர்ப் பிரதியை அவரிடம் காட்டினேன். முழுவதும் வாசித்தார்.

கையெழுத்து வாங்கிய பிரதியைப் போட்டோ எடுத்து எங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இன்னொரு பிரதியைப் பதிவுத் தபாலில் கட்சியின் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பி, பற்றுச்சீட்டை அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பதில் வரவில்லை. பெயர் எழுதிக் கையெழுத்து வைத்த அந்தப் பெரியவரைத் தேடி அடுத்த கிழமை சிலபேர் சேர்ந்து போகிறோம். அவர் இருக்கும் நாளையும் நேரத்தையும் அக்காவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தாயிற்று.