இறங்கிக்கொண்டே இருந்த சீற்: பைப் மாற்றிய அனுபவம்

மூன்று வருடமாக என் சைக்கிள் சீற் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரேயடியாக இல்லை. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது சரியாக இருக்கும். காத்தான்குடி தாண்டி ஆரையம்பதியை நெருங்கும்போது முழங்கால் கூடுதலாக மடங்குவதுபோல இருக்கும். வீட்டுக்கு வந்து அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் போயிருக்கும். இரவில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். வயசு என்று நினைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்தேன். சீற் பதிந்து இருந்தால் வலி வருவது முழங்காலின் முன்பக்கத்தில்தான் என்று பிறகுதான் அறிந்தேன்.

சைக்கிள், யப்பானிலிருந்து வந்த பழைய ஸ்போர்ட்ஸ் சைக்கிள். குரோமோலி இரும்பு பிறேம், மெல்லிய குழாய், கையில் தூக்கினால் இரும்பு என்று நம்ப மாட்டீர்கள். சீற்றைத் தாங்கிக்கொண்டு பிறேமுக்குள் இறங்கி நிற்கும் குழாய்தான் சீற் பைப். வாங்கும்போதே அது மாற்றப்பட்டிருந்தது. இறங்குகிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் கடையில் போல்ற்றை இன்னும் இறுக்கிக் கொடுத்தார்கள். கடைசியில் பிறேமின் வாயில் அந்தப் போல்ற் கோக்கும் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று முட்டிவிட்டன. காது முட்டினால் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடி கூடாது. இறுகுவது போல்ற் மட்டும்தான்.

சித்திரை லீவில் நானே கழற்றினேன். பைப் லேசாக வந்துவிட்டது, ஆனால் அதைச் சுற்றியிருந்த ஒரு தகடு உள்ளேயே நின்றது. குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தால் சோடாக் கானை வெட்டிச் சுருட்டிய தகடு, இரண்டு சுற்று. அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து வந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று இருக்கும் ஊரில் உப்புக் காற்றுக்குப் பஞ்சமில்லை. இரும்பும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிபடும்.

பழைய பைப்பின் அடியில், ஆகக்குறைந்த ஆழத்தைக் காட்டும் கோட்டுக்குக் கீழே, 26.8 என்று பொறித்திருந்தது. சரி, 26.8 என்றே புதிதாக ஒன்று வாங்குவோம் என்று கிளம்பியிருந்தால் இந்தக் கதை திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருக்கும். தகடு வைக்க வேண்டி வந்ததென்றால் பைப் மெலிந்தது என்றுதானே அர்த்தம்? பழைய பைப்பை அளக்கக் கூடாது, பிறேமை அளக்க வேண்டும். சீற் பைப்கள் பெரும்பாலும் 0.2 மில்லிமீற்றர் இடைவெளியில் வருகின்றன. 26.8, 27.0, 27.2 மூன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சானிடம் வேணியர் வாங்கி வந்தேன். உயர்தரத்தில் பௌதிகவியல் செய்முறைக்குப் பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். பிறேமின் வாயில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் 26.8, முன்பின்னாக 27.1. கொஞ்ச நேரம் குழம்பிப்போனேன். வட்டமான துளைக்கு இரண்டு விட்டம் இருக்க முடியாது. அப்புறம்தான் காதுகள் முட்டியிருப்பது நினைவுக்கு வந்தது: வாய் நசுங்கியிருக்கிறது. வேணியரின் உள் அலகு ஆழமாக இறங்காததால் நசுங்கிய இடத்தைத்தான் அளந்திருக்கிறேன். குழாயின் வெளிப்பக்கத்தைக் கீழே அளந்தேன், 28.6. சுவர் 0.7 என்று வைத்து இரண்டு பக்கமும் கழித்தால் 27.2. நல்ல இரும்பு பிறேம்களில் அதிகம் காணும் அளவும் அதுதான். அந்த 0.4 மில்லிமீற்றரைத்தான் யாரோ சோடாக் கானால் நிரப்பியிருக்கிறார்கள். கான் சுவர் கிட்டத்தட்ட 0.1 தடிப்பு, இரண்டு சுற்று, இரண்டு பக்கம். கணக்கில் பிழையில்லை. ஆனால் மெல்லிய தகடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுந்தாது, நசுங்கிக்கொண்டே போகும். இதற்கென்றே செய்த அலுமினியக் குழல்கள் இருக்கின்றன, அவை வேறு விஷயம்.

காதுகளைத் திறக்க வேலமரத்தில் ஒரு ஆப்பு சீவினேன். இடைவெளியில் வைத்து மெல்ல மெல்லத் தட்டி, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்தேன். அரை மணித்தியாலம் பிடித்தது. இரண்டு பக்கமும் 27.3 காட்டியபோது நிறுத்தினேன். இரும்பு என்பதால்தான் துணிந்தேன். அலுமினியம், காபன் பிறேம் என்றால் தொட்டிருக்க மாட்டேன். பிறகு எமறிப் பேப்பரைக் கம்பில் சுற்றி உட்புறத்துத் துருவையும் அலுமினிய மாவையும் எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.

இனி எந்தப் பைப்? இதில் நான் ஒரு வாரம் செலவழித்தேன், அந்த வாரம் வீணில்லை. பைப்பின் தரம் குழாயில் இருப்பதைவிடத் தலையில் இருக்கிறது. சீற்றின் கம்பிகளைப் பிடிக்கும் இடம்தான் தலை. ஒற்றைப் போல்ற் தலைகளில் பெரும்பாலும் பல்வரிசை இருக்கும், சீற்றின் சாய்வு ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தாவும். நமக்கு வேண்டிய சாய்வு இரண்டு பல்லுக்கும் நடுவில் இருந்தால் கதை முடிந்தது. பல் தேய்ந்தால் பள்ளத்தில் விழும்போது மூக்கு மேலே நிமிர்ந்துவிடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு போல்ற் வைத்த தலையில் பல்லே தேவையில்லை. ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் மயிரிழை அளவுக்கும் சாய்வை மாற்றலாம், இறுக்கிய பின் அசையாது. இரண்டு போல்ற் இல்லாத எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அமெரிக்காவின் தொம்சன் பைப்களின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டேன். வெளியே வட்டம், உள்ளே துளை முட்டை வடிவம்: வளையும் விசை வரும் முன்னும் பின்னும் சுவர் தடிப்பு, பக்கங்களில் மெல்லிசு. எவ்வளவு அழகான யோசனை! 1923 முதல் இயங்கும் யப்பானின் நிட்டோவும் என் சைக்கிளுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். இரண்டும் என் பணத்துக்கு எட்டவில்லை. காபன் வேண்டாம் என்றே விட்டேன். அதற்குத் தனிப் பசை வேண்டும், கீறல் பட்டால் பயம், நம் தெருக்களுக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து எடுப்பித்தது தாய்வானில் செய்த அலுமினியப் பைப். 27.2, நீளம் 350 மில்லிமீற்றர், இரண்டு போல்ற், தலை கொஞ்சம் பின்தள்ளியது. பின்தள்ளல் முக்கியம். பழையதும் அப்படித்தான் இருந்தது, நேர்த்தலை வாங்கியிருந்தால் சீற் முன்னுக்கு வந்து உடல் பாரம் கைகளில் இறங்கியிருக்கும்.

வந்த அன்றே காத்தான்குடி சைக்கிள் கடைக் காக்காவிடம் (அண்ணனிடம்) கொண்டுபோய்க் காட்டினேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இத இறுக்க முன்னம் கிறீஸ் பூச மறந்துராதீங்க” என்றார். மறக்கவில்லை. பிறேமின் உட்புறத்திலும் பைப்பிலும் மெல்லிசாகப் பூசினேன். கிறீஸ் பூசினால் வழுக்கி இறங்குமே என்று பயப்பட வேண்டாம். அளவு சரியென்றால் இறங்காது, பூசாவிட்டால்தான் சில வருடத்தில் ஒட்டிப்பிடித்துக் கழற்றவே முடியாமல் போகும். தலையைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி அழுத்த, காற்று மெல்லப் பிதுங்கி வெளியேற, பைப் உள்ளே இறங்கியது. அந்தப் பொருத்தத்தைக் கை உணர்ந்ததும் மூன்று வருடக் கோபம் போய்விட்டது.

உயரத்துக்குச் சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கிடையில் தடித்த புத்தகத்தை மேலே அழுத்தி வைத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்தேன்: 80 சென்ரிமீற்றர். அதை 0.883ஆல் பெருக்கினால் 70.6. பெடல் கைகள் சுழலும் அடி அச்சின் நடுவிலிருந்து குழாய் வழியே சீற்றின் மேல்மட்டம் வரை அந்த உயரம். 1986இல் தூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கரான கிறெக் லெமொன்ட் பெயரால் பரவிய கணக்கு இது. குதிக்காலைப் பெடலில் வைத்துப் பார்த்தேன், கீழே வரும்போது கால் நேராக நீண்டது. இரண்டு வழியும் ஒத்துப்போனது. ஒன்றைக் கவனியுங்கள், குழாய் சாய்ந்திருப்பதால் சீற்றை உயர்த்தினால் அது பின்னுக்கும் போகும். 73 பாகைச் சாய்வில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். அதனால் உயரத்தை முதலில் முடித்துவிட்டு, முன்பின் நகர்த்தலைப் பிறகு பார்த்தேன். சாய்வுக்குச் சீற்றின் மேல் ஒரு பலகைத் துண்டு, அதன் மேல் ஸ்பிரிற் லெவல்.

காதுப் போல்ற்றை இந்தத் தடவை கண்மண் தெரியாமல் இறுக்கவில்லை. 5 நியூற்றன் மீற்றர் போதும் என்று வைத்துக்கொண்டேன். முறுக்குமானி என்னிடம் இல்லை, மீன் நிறுக்கும் விற்றராசு (சுருள்வில் தராசு) இருந்தது. போல்ற் முறுக்கும் அறுகோணச் சாவியான அலன் கீயின் நுனியில், போல்ற்றிலிருந்து 10 சென்ரிமீற்றரில் கொழுவி, கீக்குச் செங்குத்தாக இழுத்தேன். தராசு 5 கிலோ காட்டினால் 5 நியூற்றன் மீற்றருக்கு மிகக் கிட்ட. மூன்று வருடம் முறுக்கிய முறுக்குக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. காதுகளுக்கிடையில் இன்னும் வெளிச்சம் தெரிந்தது.

பைப்பில், பிறேமின் வாயை ஒட்டிச் சிவப்பு இன்சுலேஷன் ரேப் சுற்றிவிட்டு ஞாயிறு விடிய வெளிக்கிட்டேன். ஆரையம்பதி, மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் இறங்கி முதலில் பார்த்தது ரேப்பைத்தான். அசையவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்தும் அசையவில்லை. அன்று இரவு முழங்காலில் வலியும் இல்லை. ஆனால் புதிதாகக் கிறீச் என்று ஒரு சத்தம், மிதிக்கும் ஒவ்வொரு தடவையும். பைப்பாக இருக்குமோ என்று மனம் பதறியது. இல்லை, தலையில் சீற் கம்பி அமரும் பள்ளம் காய்ந்து கிடந்தது. துளி கிறீஸ், போல்ற் மரைகளிலும் கொஞ்சம். சத்தம் நின்றது. இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு தலைப் போல்ற்கள் இரண்டும் கால் சுற்று இளகியிருந்தன, புதுப் பொருள் அமர்ந்துகொள்ளும்போது அப்படித்தான். திரும்ப இறுக்கினேன், அதற்குப் பிறகு தொடவில்லை.

இப்போது புரட்டாதி. மாரி தொடங்கினால் மழைத் தண்ணீர் பைப் ஓரமாக இறங்கி அடி அச்சில் தேங்கும். பழைய ரியூபில் நாலு விரல் நீளத் துண்டு வெட்டி, பைப்பும் பிறேமும் சேரும் இடத்தில் உறைபோல மாட்டியிருக்கிறேன். ஐப்பசியில் ஒருமுறை கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுவேன், மழை விட்ட பிறகு தையில் இன்னொருமுறை. சிவப்பு ரேப் வெயிலில் வெளுத்துவிட்டது, ஆனால் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது.