கார் ஞாயிற்றுக்கிழமைக்கு, மற்ற நாளெல்லாம் சைக்கிள்

என் மாருதி 800, 2003 மாடல். 1,75,000 கி.மீ. தாண்டிவிட்டது. விற்றால் வரும் காசுக்கு நல்ல சைக்கிள் ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான். அதனால் விற்காமலே சைக்கிளை வாங்கினேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் ஆபீசுக்குப் போக வர இப்போது அதுதான்.

இதில் பெரிய லாபம் காருக்கு. போன மழைக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர்க்குழம்பு மாதிரி அப்பியிருந்தது. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்துகொண்டே மெக்கானிக்கிடம் காட்டினேன். கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார், குறையவில்லை. "சார், வண்டிய சூடாகவே விட மாட்டேங்கிறீங்க" என்றார். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் பக்கம் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். மார்க்கெட்டுக்கு ஒரு நடை, ஸ்டேஷனுக்கு ஒரு நடை என்றே ஓட்டினால் தண்ணீர் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்துவிடும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நம்ப முடியாது. அது கூலன்ட் சூடு. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும்.

அதற்காகக் காரைச் சும்மா நிறுத்தியும் வைக்க முடியாது. பேட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும், உப்புக் காற்றில் பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். ஆகவே ஞாயிறு காலையில் புதுச்சேரிக்கு ஒரு ஓட்டம். தென்பெண்ணைப் பாலம் ஏறி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் வழியாக 20 கி.மீ.க்குச் சற்று மேல். முதல் பிரேக்கில் 'கரகர' என்று சத்தம் வரும், அப்புறம் அடங்கிவிடும். அரியாங்குப்பம் நெரிசலில் மாட்டுவதற்குள் ஆயில் தேவையான சூட்டுக்கு வந்திருக்கும். திரும்பும்போது அங்கேயே பெட்ரோல். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. பெட்ரோலுக்காகத்தான் போகிறேன் என்று வீட்டில் கிண்டல். அதுவும் பொய் இல்லை.

சைக்கிளுக்கும் உப்புக் காற்றுதான் பகை. செயினை டீசலில் கழுவித் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுகிறேன். மழையில் நனைந்தால் அன்றைக்கே. சாயங்காலம் வடக்கே வீடு திரும்பும்போது கடல்காற்று வலப்பக்கம் அடிக்கும், சுகம். கார்த்திகையில் வாடைக்காற்று நேரே முகத்தில். கெடிலம் பாலம் ஏறுவதற்குள் தொடை கடுக்கிறது. லாரன்ஸ் ரோடு கூட்டத்தில் காருக்கு முன்னால் போய்விடுகிறேன் என்பது ஒரு அற்பத் திருப்தி.

காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2023ல் அதைக் கட்டி, பசுமை வரியும் கட்டி, ஐந்து வருஷம் வாங்கியாயிற்று. இப்போதைய கவலை டிரைவர் காலடித் தகரம். கால்மிதியைத் தூக்கினால் துரு பொரிந்து கையோடு வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டி ஒட்டிவிடலாம் என்று தகர வேலை பார்க்கும் டிங்கர் சொல்லியிருக்கிறார்.