துளைக்குள் போகும் கலவை

பிப்ரவரி 4

பட்டறைச் சுவருக்கு ஹாலோ பிளாக் என்று முடிவாகிவிட்டது. 2.4 மீட்டர் உயரம், 12 வரிசை. மூலைகளிலும் கதவின் இரு பக்கமும், நடுவில் இடைவெளி விட்டும் மொத்தம் 18 துளைகளில் செங்குத்தாகக் கம்பி நிற்கும். அந்தத் துளைகளை மட்டும் கிரவுட் எனப்படும், நீர்த்து ஓடும் சிமெண்ட் கலவை கொண்டு நிரப்ப வேண்டும். மற்றவை வெறுமையாகவே இருக்கும்.

கடையில் கிரவுட் கேட்டேன். முதலில் டைல்ஸ் இடுக்கில் பூசும் பொடியை எடுத்துக் காட்டினார்கள். அது இல்லை என்றதும் இயந்திர அடித்தளத்தின் கீழ் ஊற்றுகிற, சுருங்காத கிரவுட் மூட்டையைக் கொண்டுவந்தார்கள். நல்ல பொருள்தான், ஆனால் தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் சில சென்டிமீட்டர் இடைவெளிக்காகச் செய்தது. நூற்றுக்கணக்கான லிட்டர் நிரப்ப அதை வாங்குவது வீண். ஒரே பெயரில் மூன்று பொருள்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் வேலை வேறு. பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. எங்கே ஊற்றப்போகிறோம் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 6

மேஸ்திரி, “எதற்குத் தனிக் கலவை தம்பி? வரிசை வைக்கும்போதே மீதிச் சாந்தைத் துளைக்குள் தள்ளிவிடலாம்” என்றார். அவருடைய அனுபவத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால் வாதாடாமல் சோதித்துப் பார்த்தோம். மூன்று பிளாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் கம்பி நிறுத்தி, ஒரு துளையில் சாந்தைத் தள்ளிக் குத்தினார். பக்கத்துத் துளையில் 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு மணல், 2 பங்கு பொடி ஜல்லி சேர்த்து, தாராளமாக நீர் விட்ட கலவையை ஊற்றினேன்.

பிப்ரவரி 10

இன்று இரண்டையும் பிளந்தோம். சாந்து கம்பியின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. மறுபக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பொந்து. ஊற்றிய கலவை கம்பியையும் பிளாக்கின் உட்சுவரையும் ஒன்றாகக் கவ்வியிருந்தது. மேஸ்திரி நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு தண்ணீர் விட்டும் இறுகியிருக்கிறதே” என்றார்.

இந்த வேலையின் மையமே அதுதான். கான்கிரீட்டில் நீர் கூடினால் வலிமை குறையும் என்று நாம் படித்தது சரியே. ஆனால் இங்கே அச்சாக இருப்பது உலர்ந்த பிளாக். ஊற்றியவுடன் கலவையின் நீரை அது உறிஞ்சத் தொடங்குகிறது. எனவே இறுகும் நேரத்தில் உள்ளே மிஞ்சும் நீர், நாம் ஊற்றியபோது இருந்ததைவிடக் குறைவு. கெட்டியாக ஊற்றினால், கலவை அடிவரை இறங்கும் முன்பே பிளாக் நீரைக் குடித்துவிடும். கலவை நடுவழியில் நின்றுவிடும். அதனால்தான் ஏஎஸ்டிஎம் சி476 என்ற அமெரிக்கத் தரவரையறையின்படி கட்டுமானக் கிரவுட்டின் ஸ்லம்ப், அதாவது கூம்பு அச்சில் நிரப்பி அச்சைத் தூக்கியதும் கலவை சரியும் அளவு, 200 முதல் 280 மில்லிமீட்டர். கூம்பின் உயரமே 300தான். கூம்பைத் தூக்கியதும் கலவை குவியலாக நிற்காமல் பரவிப் படுக்க வேண்டும் என்று பொருள்.

பிளாக்கை முன்கூட்டியே நனைக்கலாமா என்று மேஸ்திரி கேட்டார். செங்கல்லுக்கு அது நல்ல வழக்கம். கான்கிரீட் பிளாக்கை நனைத்துக் கட்டினால் பிறகு உலரும்போது சுருங்கி விரிசல் விடும். உலர்ந்தபடியே வைப்பது என்று முடிவு செய்தோம்.

பிப்ரவரி 13

மணல் மட்டும் சேர்த்த மென் கிரவுட்டா, பொடி ஜல்லியும் சேர்ந்த பருக் கிரவுட்டா? துளை குறுகலாக இருந்தால் முன்னதுதான் வழி. என் பிளாக்கின் துளை ஏறக்குறைய 13 சென்டிமீட்டருக்கு 13. உள்ளே ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் கம்பி. 10 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஜல்லி தாராளமாக இறங்கும். ஜல்லி இருந்தால் சிமெண்ட் குறைவாகச் செலவாகும், சுருக்கமும் குறையும். பருக் கிரவுட்டையே தேர்ந்தெடுத்தேன்.

ஒரு பிளாக்கின் ஒரு துளையில் மணலை நிரப்பி அளந்தேன்: மூன்றரை லிட்டர். 18 துளை, 12 வரிசை என்றால் 756 லிட்டர். சிந்துவதையும் சேர்த்தால் 830. ஒரு கன மீட்டர்கூட இல்லை. ரெடிமிக்ஸ் நிலையத்தில் இவ்வளவு சிறிய அளவுக்கு லாரி அனுப்பத் தயங்கினார்கள். அனுப்பினாலும், நீர் சேர்த்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அத்தனையையும் வாளியால் துளைகளுக்குள் இறக்க எங்களால் முடியாது. நீளமான சுவர், எல்லாத் துளையும் நிரப்ப வேண்டும், பம்பும் இருக்கிறது என்றால் லாரியை அழைப்பதுதான் சரி. எனக்கு வாடகை மிக்சரும் ஆறு 50 கிலோ மூட்டை சிமெண்ட்டும் போதும். ஜல்லியைச் சலித்து வாங்கினேன்.

பிப்ரவரி 20

ஆறு வரிசை எழும்பியது. 1.2 மீட்டர். முழு உயரமும் கட்டிவிட்டு ஒரே மூச்சில் ஊற்றலாம்தான், ஆனால் 1.6 மீட்டரைத் தாண்டினால் அடியில் சுத்தம் செய்யத் திறப்பு வைக்க வேண்டும். இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டோம். கம்பித் துளையைச் சுற்றியுள்ள குறுக்குச் சுவர்களின் மேலும் மேஸ்திரி சாந்து வைத்தார், கலவை பக்கத்துத் துளைக்கு ஒழுகாமல் இருக்க.

பிப்ரவரி 22

முதல் ஊற்று. ஸ்லம்ப் 235. ஒவ்வொரு துளைக்கும் எண் எழுதி, எத்தனை வாளி போனது என்று குறித்தேன். மெல்லிய பென்சில் வைப்ரேட்டரை இறக்கி ஏற்றினோம். சில நிமிடங்களில் கலவை மட்டம் இரண்டு விரல் அளவு கீழே போயிருந்தது. பிளாக் குடித்த நீர் அது. மறுபடி அதிரவைத்து, மேலே ஊற்றிச் சரிசெய்தோம். இந்த இரண்டாவது அதிர்வை விட்டால் கலவைக்கும் பிளாக்குக்கும் நடுவே பிளவு நிற்கும். மேல் மட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் கீழேயே நிறுத்தினோம், அடுத்த ஊற்று அந்தக் குழியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று.

நான்கு பிளாக்குகளை நிறுத்தி, நடுவே வந்த சதுரக் குழியில் நீர் உறிஞ்சும் தாளை விரித்து மூன்று மாதிரிகளும் வார்த்தேன். இரும்பு அச்சு நீரை உறிஞ்சாது. அதில் வார்த்த மாதிரி சுவருக்குள் இருப்பதைக் காட்டாது. 28 நாளில் அழுத்த வலிமை குறைந்தது 14 மெகாபாஸ்கல் வர வேண்டும்.

இரவு கணக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு துளையும் 10 லிட்டர் வாளியில் இரண்டு வாளி குடித்திருக்கிறது. 11ஆம் துளை மட்டும் ஒன்றே முக்கால்.

பிப்ரவரி 27

11ஆம் துளையைச் சுத்தியலால் தட்டினேன். மேலே கல்லின் ஓசை, கீழ் வரிசையில் மட்டும் பொத்தென்ற ஓசை. முன்பக்கத்தை உடைத்துத் திறந்தோம். முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவே இணைப்பிலிருந்து பிதுங்கிய சாந்து உள்ளங்கை அளவுக்கு இறுகிக் கிடந்தது. அதற்குக் கீழே வெறும் குழி. அடித்தளத்துக் கம்பியும் மேல் கம்பியும் சேரும் இடம் அது! ஊற்றியபோது வைப்ரேட்டர் எதிலோ முட்டியது. கம்பி என்று நினைத்துவிட்டேன்.

சாந்தைக் கொத்தி எடுத்து, திறப்பில் பலகை அடித்து, சாய்வான வாய் வைத்து நிரப்பினோம். மூன்று லிட்டர் போனது. மேஸ்திரி மேல் ஆறு வரிசைக்கு இப்போது ஒவ்வொரு இணைப்பின் உட்பக்கத்தையும் ஈரம் காயும் முன்பே கரண்டியால் வழிக்கிறார். நான் மாலையில் விளக்கைக் கட்டி இறக்கி, 18 துளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

மார்ச் 5

இரண்டாம் ஊற்று முடிந்தது. ஸ்லம்ப் 240. 11ஆம் துளை: இரண்டு வாளி.