2003 மொய் நோட்டும் ஒரு டபிள்யூபிஎஸ் ஃபைலும்

போன வாரம் அம்மாவிடமிருந்து போன். "மேலூர் அத்தை வீட்ல கல்யாணம் வருதுடா, நம்ம அக்கா கல்யாணத்துக்கு அவங்க எவ்வளவு செஞ்சாங்கன்னு பார்த்துச் சொல்லு." மொய் நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. ஆனால் 2003-லேயே சித்தப்பா அதைத் தன் கம்ப்யூட்டரில் டைப் செய்து சிடியில் போட்டு வைத்திருந்தார். நல்லவேளை, சிடி படித்தது.

உள்ளே இருந்தது டபிள்யூபிஎஸ் ஃபைல். இதே மூன்றெழுத்துப் பெயரில் இப்போது போன்களில் ஒரு ஆபீஸ் செயலி இருக்கிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கினால் கூடவே வரும் சின்ன ஆபீஸ் மென்பொருள் அது, 2007-ல் வந்த ஒன்பதாம் பதிப்போடு நின்றுபோனது. ஆன்லைனில் மாற்றித்தரும் தளங்கள் நிறைய உண்டுதான், ஆனால் ஊர் முழுக்க யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற பட்டியலை முகம் தெரியாதவன் சர்வரில் ஏற்ற எனக்கு மனசில்லை. என் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரேஆபீஸில் இழுத்துப் போட்டேன், திறந்துவிட்டது. அதற்குள் லிப்டபிள்யூபிஎஸ் என்று இந்த வகை ஃபைல்களுக்காகவே ஒரு நிரல் இருக்கிறது.

திறந்ததே தவிர, ஒரு வரி புரியவில்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். சித்தப்பா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதில் 'தமிழ்' என்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. படித்தால் போதும் என்றால் பாமினியை நிறுவினால் முடிந்தது. எனக்குப் பெயரைத் தேட வேண்டும், அதனால் யூனிகோட் வேண்டும், அதாவது கம்ப்யூட்டரே தமிழ் என்று புரிந்துகொள்ளும் இன்றைய பொதுக் குறியீடு.

சரி என்று எல்லாவற்றையும் காப்பி செய்து, பாமினியை யூனிகோடாக்கும் ஒரு மாற்றியில் ஒட்டினேன். பெயர்களெல்லாம் அழகாக வந்தன, தொகைதான் நாசம். ரூபாய்க்கு ஆங்கிலத்தில் ஆர், எஸ் போட்டிருந்த இடமெல்லாம் 'சுள'. 1,001 என்பது '1இ001'. பாமினியில் கமா விசைதான் இ. பழைய தமிழ்த் தளங்களில் கமா வரவேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாமல் ஒரு இ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்தக் கோளாறுதான். சித்தப்பா தொகைகளை டைம்ஸ் நியூ ரோமன் என்ற ஆங்கில எழுத்துருவில் அடித்திருக்கிறார், வெறும் டெக்ஸ்டாக ஒட்டும்போது எது எந்த எழுத்துரு என்ற தகவலே போய்விடுகிறது.

நானே மாற்றி எழுதலாம் என்று கண்டுபிடி-மாற்று (ஃபைண்ட்-ரீப்ளேஸ்) வசதியில் இறங்கினால் அங்கே வேறு சிக்கல். பாமினியில் 'கொ' என்பது முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். யூனிகோடில் க-வுக்குப் பிறகு ஒரே குறி. முதலில் மூன்று சேர்ந்ததை மாற்றிவிட்டு அப்புறம்தான் தனி எழுத்துகளைத் தொட வேண்டும், இல்லையென்றால் கொம்பு அந்தரத்தில் தொங்கும்.

கடைசியில் செய்தது இதுதான். ஃபைலை லிப்ரேஆபீஸின் வழக்கமான ஃபைல் வகையான ஓடிடியாக (.odt) சேமித்தேன், அதில் எழுத்துருத் தகவல் தங்கும். பிறகு பாமினியில் இருந்த துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றினேன், தொகைகளைத் தொடவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அசல் டபிள்யூபிஎஸ்ஸையும் பாமினி எழுத்துருவையும் அதே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.

மேலூர் அத்தை 501. அம்மாவிடம் சொன்னேன். "ஒரு சில்வர் அண்டாவும் வச்சாங்களேடா, அதை எழுதலையா உங்க சித்தப்பா?" என்றார்.