மேலிமையின் வெளி ஓரத்தில் ஒரு வீக்கம்

மாமியார் பார்த்ததுமே, "சூட்டுக்கட்டிதான், நாமக்கட்டியை உரசிப் போடு" என்றார். கண்கட்டியாக இருந்தால் இமை முடியின் அடியில் பரு மாதிரிப் புடைத்துத் தெரியும். என் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. இடது மேலிமையின் வெளிப்பாதி மட்டும், புருவ எலும்புக்குக் கீழே, சிவந்து கனத்துத் தொங்கியது. மூக்குப் பக்கத்துப் பாதி எப்போதும்போல் இருந்ததால், இமை விளிம்பே படுக்கவைத்த 'எஸ்' எழுத்துபோல வளைந்துவிட்டது. தொடவே விடவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, காய்ச்சல் வேறு.

கண் டாக்டர் முதலில் தொட்டுப் பார்த்தது காதுக்கு முன்னால். அங்கே நெறி கட்டியிருந்தது. பிறகு, "கீழே, மூக்கைப் பாரு பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இமையின் வெளி ஓரத்தைத் தூக்கினார். உள்ளே செக்கச்செவேலென்று ஒரு சதை பிதுங்கி நின்றது. கண்ணீர்ச் சுரப்பியாம். மூக்கோரமாக வீங்கினால் அது கண்ணீர்ப் பையின் அழற்சி, அதற்கு வைத்தியமே வேறு என்றார்.

"ஸ்கூல்ல யாருக்காவது பொன்னுக்கு வீங்கி?" என்று கேட்டார். வகுப்பில் பாதிப் பேருக்கு! அந்த வைரஸ் கன்னத்துச் சுரப்பியோடு நிற்காது, சில சமயம் கண்ணீர்ச் சுரப்பியையும் பிடிக்குமாம். அரசு போடும் எம்ஆர் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து வேண்டுமென்றால் எம்எம்ஆர், அதைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை. வெதுவெதுப்பான ஒத்தடம், பாராசிட்டமால், அவ்வளவுதான். சீழ் தெரிந்தால் பாக்டீரியா, அப்போது மருந்து மாறும். கண்ணை உருட்டினால் வலி, விழி முன்னே தள்ளுதல், பார்வை மங்கல், இரண்டு இரண்டாகத் தெரிதல் - இதில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். தினமும் படுக்கும் முன் பேனாவை நாலு திசையிலும் நகர்த்தி அவளைப் பார்க்கச் சொல்வேன். அவளுக்கு அது விளையாட்டு.

வீக்கம் மெல்ல வடிந்தது. வடியாமல் இழுத்தால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை என்று சொல்லியிருந்தார். பெரியவர்களுக்கு வலியில்லாமல் இரண்டு பக்கமும் வீங்கினால் சார்காய்டோசிஸ், ஸ்யோகிரன் மாதிரி உடம்பு முழுக்கப் பாதிக்கும் நோயாகவும் இருக்கலாமாம்.

அவளைத் தினமும் ஜன்னலோரம் நிறுத்தி, இரண்டு கண்ணும் தெரிய நேராக போட்டோ எடுத்து வைத்தேன். அடுத்த முறை போனபோது டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.