துண்டு போட்ட சீட்டு

"ஆள் வருதுப்பா, ஆள் வருது."

ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டு, அதன்மேல் கையையும் வைத்திருந்தார் அந்தப் பாட்டி. கண்டக்டர் சத்தம் போட்டும் விடவில்லை. 'சரியான அடாவடி' என்று பஸ்ஸே முணுமுணுத்தது. நானும்தான்.

நாலாவது ஸ்டாப்பில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏறியது. காலில் மாவுக்கட்டு. பாட்டி அதே துண்டால் சீட்டை ஒருமுறை துடைத்துவிட்டு உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்து என் கதையைத் திறந்தேன். "மரகதம் கோபக்காரி" என்று இருந்தது. கோபம் சுபாவம், அது காரணம் ஆகாது. அவளுக்கு என்ன வேண்டும்? எது கைவிட்டுப் போகும் என்று பயப்படுகிறாள்? எழுதிய எனக்கே தெரியவில்லை.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966) சிறுகதையில் வரும் அம்மா நினைவுக்கு வந்தாள். மழையில் காரில் ஏற்றிக்கொண்ட ஒருவனிடம் தன்னை இழந்து வந்த மகளை அடிக்கிறாள். அக்கம்பக்கம் கேட்டதும், மழையில் நனைந்து வந்ததற்காக என்று மறைக்கிறாள். பிறகு அதே கை மகள் தலையில் தண்ணீர் ஊற்றுகிறது. ஊருக்குப் பயப்படுகிறவளும் அவள்தான், மகளை விட்டுக்கொடுக்காதவளும் அவள்தான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

மரகதத்தின் முதல் காட்சியை அழித்துவிட்டேன். அவள் யாருக்காகத் துண்டு போட்டு வைத்திருக்கிறாள் என்று ராத்திரி உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.