கோயில் கணக்கு ஃபோல்டரை ஒரே மாதிரி நிற்க வைத்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயிலின் கணக்கு, திருவிழாப் படங்கள், பழைய ரசீதுகள் எல்லாம் என் கணினியில்தான் இருக்கின்றன. பொருளாளர் அங்கிளுக்குக் கோப்பின் பெயரும் தேதியும் வரிசையாகத் தெரிய வேண்டும், புதியது மேலே இருக்க வேண்டும். விண்டோஸின் டீட்டெயில்ஸ் வியூவில், அதாவது பட்டியல் வடிவில், அப்படித்தான் வைத்திருந்தேன். திடீரென ஒருநாள், "தம்பி, மாசிக் கணக்கைக் காணோமே" என்றார். திறந்து பார்த்தால் பட்டியலே இல்லை, எல்லாம் பெரிய பெரிய கட்டங்களாக நிற்கின்றன.

பூக்கடை, தேங்காய்க் கடை பில்களை கைப்பேசியில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வந்தோம், காரணம் அதுதான். உள்ளே என்ன அதிகம் இருக்கிறது என்று விண்டோஸ் தானே பார்த்து, ஜெனரல் ஐட்டம்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்ற ஐந்து வகையில் ஒன்றை அந்த ஃபோல்டருக்குக் கொடுக்கிறது. படம் கூடினால் பிக்சர்ஸ், அதில் எல்லாம் பெரிய ஐகானாகத் தெரியும்.

சரி, வகையை நாமே சொல்லிவிடலாம். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் கஸ்டமைஸ் டேப், அங்கே உள்ள பட்டியலில் ஜெனரல் ஐட்டம்ஸைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அப்புறம் ஃபோல்டருக்குள் போய் டீட்டெயில்ஸ் வைத்து, தேதித் தலைப்பைக் கிளிக் செய்து, வேண்டாத நெடுவரிசைகளைத் தலைப்பில் ரைட் கிளிக் செய்து எடுத்துவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் வியூ டேபில் 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' கொடுத்தேன்.

இந்தக் கடைசிப் பொத்தானைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இதை அழுத்தினால் எல்லா ஃபோல்டரும் மாறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மாறாது. நாம் நிற்கும் ஃபோல்டர் எந்த வகையோ அந்த வகைக்கு மட்டுமே போகும். எனக்கு அதுவே வசதியாகிவிட்டது, தீமிதிப் படங்கள் பிக்சர்ஸ் வகையில் பெரிய ஐகானாகவே இருக்கின்றன, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் பழைய படங்களில் முகம் பார்த்துத் தேட அதுதான் நல்லது.

இன்னொன்று, நெடுவரிசை அமைப்பும் கோப்புகளை வரிசைப்படுத்திய விதமும் அந்தக் கணினியில் அந்தப் பயனரின் கணக்கில்தான் பதிவாகும். பென்டிரைவில் கணக்கை எடுத்துப்போய் வேறு கணினியில் திறப்பவர்கள் அங்கேயும் ஒரு தடவை அமைத்துக்கொள்ளுங்கள்.